ஸ்டார் டிரெக் தொடரின் கதை முரண்கள்

ஸ்டார் டிரெக் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 79 அத்தியாயங்களுக்குப் பின் 1969 ஜூன் 3 அன்று நிறைவுற்றது. மூன்றே பருவங்களில் நிறுத்தப்பட்ட அந்தத் தொடரிலிருந்து பின்னாளில் பல தொடர்களும் திரைப்படங்களும் கிளைத்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல தலைமுறை எழுத்தாளர்கள் ஒரே கற்பனை உலகத்தைத் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறந்தார், வேறொருவர் வேண்டுமென்றே மாற்றினார். அப்படி விழுந்த ஓட்டைகளைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்ததும், தயாரிப்பாளர்கள் சிலவற்றை அடைத்ததும், சிலவற்றைக் கண்டும் காணாமல் விட்டதும் தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பகுதி.

அவசரமும் சிக்கனமும்

முதல் தொடரின் பெரும்பாலான முரண்களுக்குக் காரணம் தயாரிப்பு நெருக்கடி. 1964-65இல் எடுக்கப்பட்ட முதல் முன்னோட்டப் படமான 'தி கேஜ்' தொலைக்காட்சி நிறுவனத்தாரால் ஏற்கப்படவில்லை. அதில் கப்பலின் தலைவர் கர்க் அல்ல, பைக். உணர்ச்சிகளை அடக்குபவராக இன்று உலகம் அறிந்திருக்கும் ஸ்போக், அதில் ஒரு செடியின் இலைகள் எழுப்பும் ஒலியைக் கேட்டு முகம் மலரச் சிரிக்கிறார். எடுத்த படத்தை வீணாக்க மனமில்லாத தயாரிப்பாளர்கள் அதை வெட்டி, 1966 நவம்பரில் இரு பகுதிகளாக வந்த 'தி மெனாஜரி' அத்தியாயத்துக்குள் பழைய நிகழ்வாகச் செருகினார்கள். செலவு மிச்சமானது. ஆனால் ஸ்போக்கின் அந்தச் சிரிப்பும் அதிகாரப்பூர்வக் கதைக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டாவது முன்னோட்டப் படத்தில், தெய்வ சக்தி பெற்றுவிட்ட கேரி மிட்செல் தன் நண்பர் கர்க்குக்குக் கல்லறை எழுப்புகிறார். அதில் 'ஜேம்ஸ் ஆர். கர்க்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தொடரின் மற்ற அத்தியாயங்களில் அவர் 'ஜேம்ஸ் டி. கர்க்'. அந்த 'டி' டைபீரியஸ் என்பது 1974இல்தான், அதுவும் கார்ட்டூன் வடிவத் தொடரில், டேவிட் ஜெரால்ட் எழுதிய 'பெம்' அத்தியாயத்தில் சொல்லப்பட்டது. ராடன்பெரி பின்னாளில் அந்தக் கார்ட்டூன் தொடரை அதிகாரப்பூர்வக் கதையின் பகுதியாகக் கொள்ள வேண்டாம் என்று ஒதுக்கினார். ஆயினும் பெயர் நிலைத்தது. 1991இல் வந்த ஆறாவது திரைப்படத்தின் நீதிமன்றக் காட்சியில் அது முறைப்படி உச்சரிக்கப்பட்டது.

அதே முன்னோட்டப் படத்தில் ஸ்போக், தன் முன்னோர் ஒருவர் மனிதப் பெண்ணை மணந்ததாகக் குறிப்பிடுகிறார். 1967 நவம்பரில் வந்த 'ஜர்னி டு பேபல்' அத்தியாயத்தில் அந்த மனிதப் பெண் அவருடைய தாய் அமாண்டாவாகவே வந்து நிற்கிறார். தந்தையும் முன்னோர்தானே, வெட்கத்தால் வல்கன்காரர் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார் என்பது ரசிகர்கள் கூறிய சமாதானம். மோசமான சமாதானம் அல்ல.

சிக்கனம் விளைவித்த முரண்களில் மிகவும் சுவையானது 'தி எனிமி விதின்' அத்தியாயத்தில் உள்ளது. ஒவ்வொரு வாரமும் பெரிய கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதாது என்பதால்தான், ஆட்களை ஒளித்துகள்களாக்கி இறக்கும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற கருவியே கற்பனை செய்யப்பட்டது. 1966 அக்டோபரில் வந்த இந்த அத்தியாயத்தில் அந்தக் கருவி பழுதாகிறது. சூலுவும் உடன் சென்றவர்களும் கீழே கிரகத்தின் இரவுக் குளிரில் உறைகிறார்கள். பாறைகளைத் துப்பாக்கியால் சூடாக்கி உயிர் பிழைக்கிறார்கள். கப்பலில் உள்ள சிறு விண்கலத்தை அனுப்பி ஏன் அவர்களை மீட்கவில்லை? கதைக்குள் பதிலே இல்லை. கதைக்கு வெளியே பதில் எளியது: அந்தச் சிறு விண்கலம் அப்போது இன்னும் கட்டப்படவில்லை. 1967 ஜனவரியில் வந்த 'தி கலிலியோ செவன்' அத்தியாயத்துக்காகத்தான் அது கட்டப்பட்டது.

எந்த நூற்றாண்டு?

கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பதை ராடன்பெரி வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். அதற்காகவே 'விண்தேதி' என்ற எண்முறை உண்டாக்கப்பட்டது. எந்த நான்கு இலக்கத்தையும் ஒரு தசமத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்பதே எழுத்தாளர்களுக்குத் தரப்பட்ட வழிகாட்டுதல். இதனால் எண்கள் முன்னும் பின்னுமாக ஓடின.

எழுத்தாளர்களோ அவரவர் கணக்கில் ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1967 ஜனவரி 12 அன்று வந்த 'தி ஸ்கொயர் ஆஃப் கோத்தாஸ்' அத்தியாயத்தில், தொலைவிலிருந்து பூமியைப் பார்க்கும் டிரெலேன் நெப்போலியன் காலத்துப் பூமியைக் காண்கிறான். ஒளி வந்துசேர ஆன காலம் 900 ஆண்டு என்பதால் கதை 28ஆம் நூற்றாண்டில் நடக்க வேண்டும். சரியாக ஐந்து வாரம் கழித்து வந்த 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயமோ 1990களிலிருந்து இரண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டதாகக் கூறியது. அதன்படி கதை நடப்பது 22ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஐந்து வாரத்தில் ஐந்நூறு ஆண்டு வித்தியாசம்.

1982 திரைப்படம் 23ஆம் நூற்றாண்டு என்று எழுத்தில் காட்டியது. 1988இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் முதல் பருவ இறுதியில் 2364 என்ற ஆண்டு சொல்லப்பட்ட பிறகுதான் காலவரிசை உறுதிப்பட்டது. அத்தொடரின் கலைத்துறையில் பணியாற்றிய மைக்கேல் ஒக்குடாவும் டெனிஸ் ஒக்குடாவும் 1993இல் வெளியிட்ட காலவரிசை நூல், முதல் தொடரின் நிகழ்வுகள் ஒளிபரப்பான காலத்துக்குச் சரியாக 300 ஆண்டுகள் பின்னால் நடப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டது. இன்று பொதுவாக ஏற்கப்படுவது அந்தக் கணக்கே.

ரசிகர்களின் பணி

1966இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியை மறுமுறை பார்க்கும் வசதி வீடுகளில் இல்லை. ஓர் அத்தியாயம் மறு வாரமே மறக்கப்படும் என்பதே எழுத்தாளர்களின் எண்ணம். எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் குழப்பம் வராதபடி ஒவ்வொன்றும் தனிக்கதையாகவே அமைக்கப்பட்டது. தயாரித்த வரிசையில் ஒளிபரப்பும் நடக்கவில்லை. இரண்டாவது முன்னோட்டப் படம் மூன்றாவதாகவே வந்தது. அதனால் மாலுமிகளின் உடை ஒரு வாரம் பின்னோக்கிப் போய்த் திரும்பியது.

1970களில் உள்ளூர் நிலையங்கள் பழைய அத்தியாயங்களை நாள்தோறும் மறு ஒளிபரப்பத் தொடங்கியதும் நிலைமை மாறியது. திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். பிஜோ டிரிம்பிள் தொகுத்த 'கன்கார்டன்ஸ்' என்ற சொல்லடைவு 1969இல் ரசிகர் வெளியீடாக வந்து, 1976இல் வணிகப் பதிப்பாகவும் அச்சானது. பின்னர் வீடியோ நாடா வந்தது. 1993இல் பில் ஃபாரண்ட் எழுதிய, பிழைகளை மட்டுமே அத்தியாயம் அத்தியாயமாகப் பட்டியலிடும் நூல் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

புனைகதையை வேத நூல்போல ஆராயும் இந்த வழக்கத்துக்கு ஸ்டார் டிரெக் முன்னோடி அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனின் குண்டுக் காயம் ஒரு கதையில் தோளிலும் இன்னொன்றில் காலிலும் இருக்கிறது. 1911இலேயே ரொனால்ட் நாக்ஸ் இத்தகைய ஆராய்ச்சியைப் பாதி விளையாட்டாகத் தொடங்கி வைத்தார். ஸ்டார் டிரெக் ரசிகர்கள் செய்ததில் ஒரு வேறுபாடு உண்டு. பிற்கால ஹோம்ஸ் ஆராய்ச்சியாளர்களுக்குப் பதில் சொல்ல ஆசிரியர் உயிரோடு இருக்கவில்லை. இவர்களுக்கோ ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களில் பலர் இதே ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

கிளிங்கான் நெற்றி

முரண்களில் மிகவும் புகழ்பெற்றது கிளிங்கான்களின் நெற்றி. 1967 மார்ச்சில் 'எரண்ட் ஆஃப் மெர்சி' அத்தியாயத்தில் கிளிங்கான் இனம் அறிமுகமானது. அதன் தளபதி கோர் பாத்திரத்தை ஏற்றவர் கனடிய நடிகர் ஜான் கோலிகோஸ். செங்கிஸ்கானை மனத்தில் வைத்துத் தம்மை ஒப்பனை செய்யும்படி ஃபிரெட் பிலிப்ஸிடம் கூறியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கருத்த பழுப்புச் சாயம், தடித்த புருவம், தொங்கும் மீசை. அன்றைய அமெரிக்கத் திரையில் கீழை நாட்டு வில்லன் என்றால் எப்படி இருப்பான் என்ற வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்ட தோற்றம் அது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் எதிரிக்கு உவமையாக அமைந்த இனத்துக்கு மங்கோலிய முகம் கொடுக்கப்பட்டதை இன்று பார்ப்பவர்கள் சங்கடமின்றிக் கடக்க முடியாது.

1979இல் முதல் திரைப்படம் வந்தபோது பணம் இருந்தது. கிளிங்கான்களுக்கு முதுகெலும்பு நெற்றி வரை ஏறி வந்தது போன்ற மேடு முளைத்தது. விளக்கம் எதுவும் தரப்படவில்லை. அவர்கள் எப்போதுமே அப்படித்தான் இருந்தார்கள், முன்பு காட்ட வசதி இல்லை, அவ்வளவே என்பது ராடன்பெரியின் நிலைப்பாடு. நாடக மேடையில் அட்டை மரத்தை மரமென்றே ஏற்பது போல இதையும் ஏற்கலாம். 1994இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் கோர், கோலோத், காங் ஆகிய மூன்று பழைய கிளிங்கான்களையும் அதே நடிகர்களைக் கொண்டு மீண்டும் அழைத்தபோது, மூவருக்கும் நெற்றி மேட்டை ஒட்டி அனுப்பியது. அதுவரை ராடன்பெரியின் நிலைப்பாடு செல்லுபடியானது.

அதை உடைத்தது ஒரு கொண்டாட்டம். 1996 நவம்பரில், முப்பதாம் ஆண்டு நிறைவுக்காக, டீப் ஸ்பேஸ் நைன் பாத்திரங்கள் காலப்பயணம் செய்து 1967ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றுக்குள் நுழைவதுபோல் கணினி உத்தியால் படமாக்கப்பட்டது. பழைய காட்சியில் மேடற்ற நெற்றியோடு கிளிங்கான்கள் நிற்கிறார்கள். அதே அறையில் மேடுள்ள நெற்றியோடு வோர்ஃப் உட்கார்ந்திருக்கிறார். இனி இதை ஒப்பனை வேறுபாடு என்று தள்ள வழியில்லை. உடனிருந்தவர்கள் மரபணு மாற்றமா, வைரஸ் தாக்குதலா என்று கேட்கிறார்கள். வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வோர்ஃப் வாயை மூடிக்கொள்கிறார். எழுத்தாளர்களிடம் பதில் இல்லாததைப் பாத்திரத்தின் மானப் பிரச்சினையாக மாற்றிய இந்த இடம், தொடரின் மிகச் சிறந்த நகைச்சுவைகளில் ஒன்று. அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. முதல் தொடருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு நடக்கும் 'எண்டர்பிரைஸ்' தொடர், 2005 பிப்ரவரியில் 'அஃப்ளிக்ஷன்', 'டைவர்ஜன்ஸ்' என்ற இரு அத்தியாயங்களில் முழு விளக்கம் அளித்தது. மரபணு மேம்பாடு செய்யப்பட்ட மனிதக் கருக்களைக் கைப்பற்றிய கிளிங்கான்கள் தங்கள் வீரர்களையும் அவ்வாறு மாற்ற முயல்கிறார்கள். சோதனை தவறி, வைரஸ் பரவுகிறது. மருத்துவர் ஃபிளாக்ஸ் கண்ட மருந்து உயிரைக் காக்கிறது, ஆனால் நெற்றி மேடு மறைகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கேலியாகக் கேட்கப்பட்ட இரண்டு ஊகங்களும் சேர்ந்தே விடையாயின. இதில் துயரம் என்னவென்றால், அந்தத் தொடர் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு அதே மாதத் தொடக்கத்தில் வந்துவிட்டிருந்தது. இருபத்தாறு ஆண்டுக் கேள்விக்கு விடை வந்தபோது கேட்க மிகச் சிலரே இருந்தார்கள்.

2017இல் 'டிஸ்கவரி' தொடர் கிளிங்கான்களை முடியே இல்லாத, நீண்ட மண்டையோடுள்ள புதிய உருவங்களாகக் காட்டியது. எதிர்ப்பு எழுந்தது. 2019இல் முடி திரும்பி வந்தது. 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' பழைய நெற்றி மேட்டுக்கே திரும்பியது. இரண்டு கதைகளும் கர்க் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, வைரஸ் பரவி நூறாண்டு ஆன பின் நடக்கின்றன. 2005ஆம் ஆண்டு விளக்கத்தின்படி அப்போது பல கிளிங்கான்களுக்கு மேடு இருக்கக் கூடாது.

சிறு ஓட்டைகள்

எல்லா முரணும் இவ்வளவு கவனம் பெறவில்லை. 1988 ஜனவரியில் வந்த 'டேட்டாலோர்' அத்தியாயத்தில், மனித உருவ இயந்திரமான டேட்டாவுக்கு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிப் பேச வராது என்பதே அவரையும் அவருடைய தீய இரட்டையையும் வேறுபடுத்தும் அடையாளம். அதே அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில் டேட்டா சுருக்கிப் பேசிவிடுகிறார். 'வாயேஜர்' தொடரின் கப்பல் 1995இல் தன்னிடம் 38 ஏவுகணைகளே உள்ளன, புதிதாகச் செய்ய வழியில்லை என்று அறிவித்தது. ஏழு பருவங்களில் அது வீசியவற்றை ரசிகர்கள் எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வெகு தூரம் தாண்டிவிட்டது.

இன்னொன்று அவ்வளவு சிறியதல்ல. 1993 நவம்பரில் வந்த 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' அத்தியாயம், ஒளியை மிஞ்சிய வார்ப் வேகப் பயணமே விண்வெளியைச் சிதைக்கிறது என்ற உண்மையைக் கண்டுபிடிக்கிறது. உடனே எல்லாக் கப்பல்களுக்கும் வார்ப் 5 என்ற வேக வரம்பு விதிக்கப்படுகிறது. சுற்றுச்சூழல் மாசு பற்றிய உவமை அது. பிறகு ஓரிரு அத்தியாயங்களில் வரம்பை மீற அனுமதி தரப்பட்டதாக ஒரு வரி வருகிறது. அதன்பின் அந்த விதி சத்தமில்லாமல் காணாமல் போனது. கதை ஓட வேகம் தேவைப்பட்டது. நிஜ உலகின் சுற்றுச்சூழல் விதிகள் பலவற்றின் கதியும் இதுவே என்பதால், இந்த மறதி எழுத்தாளர்கள் எண்ணியதைவிட நல்ல உவமையாகிவிட்டது.

பெண் தலைவர்கள்

முதல் தொடரின் கடைசி அத்தியாயமான 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்' வேறு வகைச் சிக்கலை விட்டுச் சென்றது. அதில் ஜேனிஸ் லெஸ்டர் என்ற விஞ்ஞானி, விண்கப்பல் தலைவர்களின் உலகில் பெண்களுக்கு இடமில்லை என்று கர்க்கிடம் குமுறுகிறார். கர்க் அது அநியாயம் என்று ஒப்புக்கொள்கிறாரே தவிர, பொய் என்று மறுக்கவில்லை. எல்லா இனங்களும் சமமாக வாழும் எதிர்காலம் என்று போற்றப்பட்ட ஒரு தொடர், 1969இல் விடைபெறும்போது சொன்ன செய்தி இது.

1986 திரைப்படத்தில் மேட்ஜ் சின்கிளேர் பெண் கப்பல் தலைவராகச் சில நிமிடங்கள் வந்தார். 1995இல் வாயேஜரின் தலைவராக ஜேன்வே வந்தார். இவர்கள் கர்க்குக்குப் பிந்தியவர்கள், சட்டம் மாறியிருக்கலாம் என்று கூறலாம். ஆனால் எண்டர்பிரைஸ் தொடர் 2004இல் எரிகா ஹெர்னாண்டெஸ் என்ற பெண்ணைக் கர்க்குக்கு ஒரு நூற்றாண்டு முன்பே கப்பல் தலைவராக்கியது. டிஸ்கவரியின் ஜியார்ஜியோவும் லெஸ்டரின் புலம்பலுக்கு முந்தியவர். இங்கே யாரும் வைரஸ் கதை சொல்லவில்லை. லெஸ்டர் மனநிலை பிறழ்ந்தவர், அவர் சொன்னதை உண்மையாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது ரசிகர்களிடையே வழங்கும் விளக்கம். அதுவும் ஒரு விதத்தில் அநியாயமே: வாய்ப்பு மறுக்கப்பட்டதாகச் சொல்லும் பெண்ணைப் பைத்தியம் என்று கூறி முரண் தீர்க்கப்படுகிறது.

திரைக்குப் பின்னால் நடந்ததிலும் முரண் உண்டு. 'தி கேஜ்' படத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். ஏற்றவர் மேஜல் பாரெட். பெண் அதிகாரியை என்.பி.சி. ஏற்க மறுத்தது என்று ராடன்பெரி ரசிகர் கூட்டங்களில் சொல்லி வந்தார். அன்றைய தயாரிப்பு நிறுவன அதிகாரி ஹெர்பர்ட் சோலோ 1996இல் வெளிவந்த நூலில் இதை மறுத்தார். நிறுவனம் எதிர்த்தது பெண் பாத்திரத்தை அல்ல, ராடன்பெரியின் காதலியை முக்கிய வேடத்தில் போட்டதையே என்பது அவர் தரப்பு.

கான்

'ஸ்பேஸ் சீட்' அத்தியாயம் 1990களில் மரபணு மேம்பாட்டு மனிதர்கள் உலகை ஆளப் போர் தொடுத்ததாகவும், கான் நூனியன் சிங் 1992 முதல் 1996 வரை ஆசியா தொடங்கி மத்தியக் கிழக்கு வரை உலகின் கால் பங்குக்கு மேல் ஆண்டதாகவும் கூறியது. கப்பலின் வரலாற்றாய்வாளர் அவனைப் பார்த்து வட இந்தியன், அநேகமாகச் சீக்கியன் என்று ஊகிக்கிறார். தலைப்பாகையும் தாடியும் இல்லாத இந்தச் சீக்கியனாக நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான். கேரி வில்பர் முதலில் எழுதிய கதைச் சுருக்கத்தில் வில்லன் ஹரால்ட் எரிக்சன் என்ற வட ஐரோப்பியன். 2013 திரைப்படத்தில் கானாக ஆங்கிலேய நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்தபோது கண்டனம் எழுந்தது. முகம் அறுவை சிகிச்சையால் மாற்றப்பட்டது என்று ஒரு காமிக்ஸ் தொடர் பின்னர் விளக்கியது.

1982 திரைப்படத்தில் கான், செகாவைப் பார்த்ததுமே முகத்தை அடையாளம் காண்கிறான். செகாவாக நடித்த வால்டர் கோனிக் தொடரில் சேர்ந்ததே 'ஸ்பேஸ் சீட்' ஒளிபரப்பான பிறகு. அந்த நாள்களில் செகாவ் கப்பலின் வேறு பகுதியில் இருந்திருப்பார், கழிவறையில் கானை வெகுநேரம் காக்க வைத்திருப்பார் என்று கோனிக் ரசிகர் கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விண்தேதிக் கணக்கும் இதற்கு ஒத்துழைக்கிறது: செகாவ் வரும் 'கேட்ஸ்பா' அத்தியாயத்தின் எண் 'ஸ்பேஸ் சீட்'டைவிடக் குறைவு.

பெரிய சிக்கல் நாட்காட்டி. 1992 வந்தது, 1996 போனது. கான் வரவில்லை. வாயேஜர் குழு 1996 நவம்பரில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் அதே ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காலப்பயணம் செய்தது. அங்கே போரின் சுவடே இல்லை. 1997இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் அந்தப் போர் 200 ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக ஒரு வசனம் வந்தது. பழைய அத்தியாயத்தின் 'இரண்டு நூற்றாண்டு' என்ற கணக்கை நூறாண்டு கூட்டாமல் எழுதிவிட்டதாக எழுத்தாளர் ரொனால்ட் மூர் பிழையை ஒப்புக்கொண்டார். கிரெக் காக்ஸ் 2001, 2002இல் எழுதிய இரு நாவல்கள், போர் உண்மையான நிகழ்வுகளின் மறைவில் ரகசியமாக நடந்தது என்றும், கான் பிறந்த ஆய்வகம் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கு அடியில் இருந்தது என்றும் கற்பனை செய்தன.

2023 ஜூனில் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர் திரையிலேயே பதில் தந்தது. கானின் வழித்தோன்றலான லான், 21ஆம் நூற்றாண்டின் டொரண்டோ நகருக்கு வந்து சேர்கிறார். கானைச் சிறுவயதிலேயே கொன்று மனிதகுலத்தின் எதிர்காலத்தை அழிக்க வந்த ரோமுலன் உளவாளி ஒருத்தி, இவையெல்லாம் 1992இலேயே நடந்திருக்க வேண்டும் என்றும், காலப்போர்களின் குறுக்கீட்டால் தள்ளிப்போய்விட்டன என்றும், தான் முப்பது ஆண்டாக இங்கே சிக்கிக் கிடப்பதாகவும் எரிச்சலோடு கூறுகிறாள். ஐம்பத்தாறு ஆண்டுப் பழைய பிழை அந்த ஒரு புலம்பலில் அடைந்துவிடுகிறது. அதன் பிறகு லான் ஓர் அறைக்குள் நுழைகிறார். அங்கே ஒரு சிறுவன் பயந்து நிற்கிறான், பெயர் கான். அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. இலட்சக்கணக்கானோரின் சாவுக்கும், தன்னைப் பள்ளி நாள்களிலிருந்து துரத்தும் குடும்பப் பெயருக்கும் காரணமாகப் போகிறவன் அவன். லான் அவனிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போகிறார்.